பஞ்சத் துயர் துடைக்க முனைந்த வில்லியம் டிக்பி

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், இம்மலரில் எவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என்று ஆழ்ந்து சிந்தித்தோம். அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய பெருமக்களின் வரலாறுகள் நம் இல்லந்தோறும் அறியப்பட்டவை. ஆண்டுதோறும் நம் மேடைகளில் பேசப்படுபவை. அவர்களுள் பெரும்பாலோரின் பொதுப்பணிக்கு முற்பட்ட ஒரு காலத்தில், நம் முன்னோர் பசியால் மடிந்துகொண்டிருந்தபோது, கடல் கடந்து நிதி திரட்டிக் கொணரக் காரணமாயிருந்த ஓர் அயல்நாட்டாரைப் பற்றி நாம் அறிந்துகொள்ளல் நலம் என்று கருதினோம். அவர்தாம் வில்லியம் டிக்பி.

அவரை வாழ்த்திப் பாடுவதற்காக மட்டும் இக்கட்டுரையை நாம் எழுதவில்லை. பேரிடர்க் காலத்தில் பல கைகள் சேர்ந்து எவ்வாறு நிதி திரட்டலாம், எவ்வாறு பகிரலாம் என்பதற்கு அவருடைய பணி ஓர் எடுத்துக்காட்டு. அவ்வாறு திரண்ட நிதி ஊரின் கடைக்கோடியில் இருந்த சேரிக்கு ஏன் முழுமையாக வந்து சேரவில்லை என்பதற்கும் அதே வரலாறு சான்றாக நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது நம் இளைஞர்க்குப் பயன் தரும்.

நம் வட்டாரமும் தாது வருடப் பஞ்சமும்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டங்கள். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கி, 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதன் பகுதிகளாயின. இன்று நான்கு வழிச் சாலையும் தொழிற்பேட்டைகளும் நிறைந்து காணப்படும் இம்மேட்டு நிலம், அன்று வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளைந்தால் உண்டு. மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தது நாடு விடுதலை பெற்ற பின்னர்தான்.

1876-ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் தாது வருடம். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அடுத்த ஆண்டின் ஆவணி வரையிலும் நல்ல மழை இல்லை. சென்னை மாகாணம், மைசூர் நாடு, ஐதராபாத்து, பம்பாய் மாகாணத்தின் தென்பகுதி ஆகியவை ஒருசேர வறண்டன. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. எல்லைக்கு அப்பாலிருந்த மைசூர் நாட்டிலும் அதே நிலை. அங்கு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டது. ஆகவே இங்குள்ளோர் அங்குச் சென்று பிழைக்கவும் வழியில்லை. அங்குள்ளோர் இங்கு வந்து பிழைக்கவும் வழியில்லை.

1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை 19,66,995. 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 15,99,595. பெருகியிருக்க வேண்டிய மக்கள் தொகை பத்தாண்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேல் குறைந்துபோயிற்று. எஞ்சியவர்கள் மீண்டும் பழைய எண்ணிக்கையை ஏறத்தாழ எட்டவே 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த 1878-ஆம் ஆண்டின் இறுதியில் ஓசூர் வட்டாரம் இருந்த நிலை இதுவே.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ்சயர் பகுதியில் விஸ்பெச் என்னும் சிற்றூரில் 1849-ஆம் ஆண்டு மே மாதம் வில்லியம் டிக்பி பிறந்தார். செல்வக் குடியில் தோன்றியவர் அல்லர். பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்றவரும் அல்லர். பதினைந்து வயதளவில் தம் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்து, ஏழாண்டுகள் அங்கேயே உழைத்தார். அச்சுக்கூடமே அவருக்குப் பள்ளியாயிற்று. கேட்டதைக் கேட்டவாறு சுருக்கெழுத்தில் எழுதுவது, எண்களைச் சரிபார்ப்பது, எழுதியதை உரிய நேரத்தில் அச்சேற்றுவது ஆகிய பழக்கங்கள் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன. பிற்காலத்தில் பல இலட்சம் மக்களுக்குப் பயன்பட்ட திறமைகள் இவைதாம் என்பதை நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இலங்கையில் ஆற்றிய பணி

1871-ஆம் ஆண்டு டிக்பி கொழும்பு நகருக்கு வந்து, சிலோன் அப்சர்வர் என்னும் செய்தித்தாளின் துணையாசிரியரானார். இலங்கைச் சட்டமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பதிவுகள் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன.

அந்நாளில் இலங்கையில் நெல்லுக்கும் இறக்குமதி அரிசிக்கும் வரி விதிக்கப்பட்டிருந்தது. மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் கூலிகள் உண்டது இந்தியாவிலிருந்து சென்ற அரிசியையே. எனவே அவ்வரியின் சுமையில் ஒரு பங்கு, தமிழகத்துச் சேரிகளிலிருந்து கப்பலேறிச் சென்றவர்களின் கஞ்சிக் கலயத்தின் மீதும் விழுந்தது. ஏழையின் உணவுக்கு வரி விதித்தல் தகாது என்று டிக்பி செய்தித்தாளில் தொடர்ந்து எழுதினார். 1875-இல் அதனைத் தனி நூலாகவும் வெளியிட்டார். உணவுக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை அவர் இலங்கையிலேயே கற்றுத் தேர்ந்தார் எனலாம்.

சென்னைக்கு வருகை

1877-ஆம் ஆண்டு மெட்ராஸ் டைம்ஸ் செய்தித்தாளின் ஆசிரியராக டிக்பி சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 28. அவ்வாண்டின் முதல் நாளன்று டில்லியில், விக்டோரியா இந்தியாவின் பேரரசியானதை அறிவிக்கும் மாபெரும் தர்பாரை அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு நடத்தினார். தெற்கே மக்கள் மரப்பட்டையையும் கிழங்கையும் தேடித் திரிந்த காலம் அது.

அரசு கைகட்டி நின்றுவிட்டது என்று சொல்ல இயலாது. சாலை, ஏரி, வாய்க்கால் வேலைகள் தொடங்கப்பட்டன. வேலை செய்ய இயலாதார்க்குக் கஞ்சித் தொட்டிகள் வைக்கப்பட்டன. சென்னையில் இன்றும் பக்கிங்காம் கால்வாய் எனப்படும் நீர்வழியின் ஒரு பகுதி அப்பஞ்சத்தில் கூலிகளால் வெட்டப்பட்டதே; அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆயினும் செலவைக் குறைக்கவேண்டும் என்னும் கருத்து மைய ஆட்சியில் ஓங்கியிருந்தது. அதற்கென அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் மண் சுமக்கும் ஓர் ஆண் மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அளவு வகுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அவ்வளவு உணவு கொண்டு உழைக்கும் உடல் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எண்களுடன் எடுத்துரைத்துப் போராடினார். டிக்பியும் பஞ்சத்தைத் தடுக்கவும் தணிக்கவும் உரிய வழிகளைத் தம் தாளில் இடைவிடாது வற்புறுத்தினார்.

நிதி எழுந்த வகை

உயிர் காக்கும் கடமை அரசுடையது. தனியார் அறக்கொடை அதனுள் புகுந்தால் குழப்பம் விளையும் என்பது மைய ஆட்சியின் எண்ணம். ஆகவே இங்கிலாந்து மக்களிடம் உதவி வேண்டும் முயற்சிக்கு முதலில் ஆதரவு கிட்டவில்லை. 1877-ஆம் ஆண்டின் நடுவில் மழை மீண்டும் பொய்த்தபோது, இனிப் பொறுப்பதற்கில்லை என்னும் நிலை ஏற்பட்டது. டிக்பியின் தூண்டுதலும் சென்னைக் குடிமக்களின் ஆர்வமும் சேர்ந்து, 1877 ஆகஸ்டு 4-ஆம் நாள் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடிற்று. ஆளுநரே தலைமை தாங்கினார். இலண்டன் மாநகரத் தலைவருக்கும் பிற பெருநகரத் தலைவர்களுக்கும் உதவி வேண்டித் தந்தி அனுப்புவதென முடிவாயிற்று.

இலண்டன் மாநகரத் தலைவரின் இல்லமாகிய மேன்ஷன் ஹவுசில் நிதி தொடங்கப்பட்டது. தந்தி என்னும் புதிய கருவியும் நாள்தோறும் வெளிவந்த செய்தித்தாள்களும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்த துயரைச் சில நாட்களில் இங்கிலாந்து மக்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தின. பருத்தி வரத்து நின்று தறிகள் ஓய்ந்து, 1861 முதல் 1865 வரை தாமே பட்டினி கிடந்த இலங்காசயர் தொழிலாளர்களும் கொடை அளித்தனர். அப்பருத்திப் பஞ்சத்தின்போது மான்செஸ்டரில் மையக் குழு ஒன்றும் ஊர்தோறும் கிளைக் குழுக்களும் அமைந்து நிதி பகிர்ந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 8,20,000 பவுன் திரண்டது. அக்காலத்தில் அது மாபெருந்தொகை.

நிதியைப் பகிர்ந்த முறை

பணம் திரட்டுவது ஒரு பாதி. உரியவர் கையில் சேர்ப்பது மறுபாதி. இரண்டாவதே கடினம். இந்தியாவில் அந்நிதியின் மதிப்புறு செயலாளர் பொறுப்பை டிக்பி ஏற்றார். சென்னையில் ஒரு நிர்வாகக் குழுவும், மாவட்டங்களில் 120 கிளைக் குழுக்களும் அமைக்கப்பட்டன. கிளைக் குழுக்கள் தம் பகுதியின் தேவையை எழுதி அனுப்பும். நடுவண் குழு ஆய்ந்து பணம் ஒதுக்கும். செலவின் கணக்கு மீண்டும் சென்னைக்கு வந்து சேரும். செய்தித்தாள் அலுவலகத்தில் பழகிய ஒழுங்கை டிக்பி இப்பணியில் புகுத்தினார்.

லிட்டன் பிரபு ஆகஸ்டு இறுதியில் சென்னைக்கு வந்து ஆளுநருடன் கலந்து பேசிய பின்னர், அரசின் பணிக்கும் அறநிதியின் பணிக்கும் எல்லை வகுக்கப்பட்டது. உயிரைக் காத்தல் அரசின் கடமையாயிற்று. அறநிதிக்கு நான்கு பணிகள் உரியவாயின. அரசு உதவி எட்டாதவர்களுக்கும், நாணத்தால் பொதுவிடத்தில் கைநீட்டாத குடும்பத்தினர்க்கும் உதவுதல் ஒன்று. பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காத்தல் இரண்டாவது. மழை பெய்ததும், அனைத்தையும் இழந்தவர்க்கு விதையும் மாடும் கருவியும் கூரையும் அளித்துப் பழைய நிலையில் நிறுத்துதல் மூன்றாவது. ஆடையற்றோர்க்கு ஆடையும் நலிந்தோர்க்குச் சிறு வசதிகளும் தருதல் நான்காவது.

இவ்வாறு எல்லை வகுத்ததனால் ஒரே வீட்டுக்கு இருவர் கொடுப்பதும், எவரும் கொடாமல் ஒரு வீடு விடுபட்டுப் போவதும் ஓரளவேனும் தவிர்க்கப்பட்டன. 1897-இல் மீண்டும் பஞ்சம் வந்தபோது அறநிதிக்கு வகுக்கப்பட்ட நோக்கங்களிலும் இந்நான்கின் சாயலையே காண்கிறோம். 1900-இல் ஜெய்ப்பூர் மன்னர் அளித்த 15 இலட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு இந்திய மக்கள் பஞ்ச அறக்கட்டளை நிறுவப்பட்டது. துயர் வந்தபின் ஏந்தும் கையாக இல்லாமல் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நிதியாக அறக்கொடை வளர்ந்தமை இதனால் விளங்கும்.

1877 செப்டம்பரில் மழை திரும்பியது. அப்போது சென்னை மாகாணத்தில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசின் உதவியை நம்பி உயிர் வாழ்ந்தனர். பயிரிடும் பருவத்தில் விதையும் மாடும் கிடைத்தமையால் பல்லாயிரம் உழவர் குடும்பங்கள் மீண்டும் நிலத்தில் கால் ஊன்றின. இது டிக்பியும் அவருடன் உழைத்தோரும் செய்த பெரும்பணி. 1878-ஆம் ஆண்டின் முதல் நாள் அவருக்கு அரசின் சி.ஐ.இ. பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டே அப்பஞ்சத்தின் முழு வரலாற்றையும் இரண்டு தொகுதிகள் கொண்ட நூலாக எழுதி வெளியிட்டார். அரசைக் குறைகூற வேண்டிய இடங்களில் அவர் எழுதுகோல் தயங்கவில்லை.

நம் மக்களுக்கு எட்டியது எவ்வளவு

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர் எவர்? நிலமற்ற பண்ணையாட்கள். விளைச்சல் இருந்தால் களத்தில் அளந்து கொடுக்கும் தானியமே அவர்களுடைய கூலி. விளைச்சல் இல்லையெனில் கூலி இல்லை, சேமிப்பும் இல்லை, ஈடு வைக்க நிலமும் நகையும் இல்லை. நிலமுடையோர் தம் குடும்பத்தைக் காக்க முதலில் செய்தது பண்ணையாளை நிறுத்தியதே. நம் ஆதிதிராவிட, அருந்ததிய முன்னோர்களில் பெரும்பாலோர் இந்நிலையில் இருந்தனர்.

அறநிதியின் பெரும்பங்கு உழவர்க்கு விதையும் மாடும் கூரையும் வாங்கச் செலவாயிற்று. பழைய நிலையில் நிறுத்துதல் என்னும் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பழைய நிலையே அடிமை நிலையாக இருந்தவனை எந்நிலையில் நிறுத்துவது? பட்டா உள்ளவனுக்கு விதை கொடுக்கலாம். ஏர் உள்ளவனுக்கு மாடு கொடுக்கலாம். இரண்டும் இல்லாதவன் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும்? நாணத்தால் கைநீட்டாத குடும்பங்களுக்கு வீட்டிலேயே உதவி சென்றது. அவ்வாறு நாணம் உடையவர் என்று கருதப்பட்டோர் பெரும்பாலும் மேற்குலத்தார். கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் பழகியவர்கள் என்று கருதப்பட்ட நம் மக்களுக்கு உரியதாக நின்றது டெம்பிளின் கூலியும் கஞ்சித் தொட்டியுமே.

கிளைக் குழுக்களில் அமர்ந்தவர் எவர் என்பதும் கருதத்தக்கது. அரசு அலுவலர், கிறித்தவத் தொண்டர், ஊர்ப் பெருந்தனக்காரர் ஆகியோரே அவற்றில் இடம் பெற்றனர். கிறித்தவத் தொண்டர்கள் பல இடங்களில் சேரிகளுக்கே சென்று உதவினர் என்பதை நன்றியுடன் குறிப்பிடுவோம். எனினும் சேரியில் பிறந்து, எழுதப் படிக்கத் தெரிந்து, குழுவில் அமர்ந்து, இந்த வீடு விடுபட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்லத்தக்க ஒருவர் அந்நாளில் அக்குழுக்களில் இல்லை. டிக்பியின் கணக்கேடு நேர்மையானது. கணக்கேட்டில் ஏறாத வீட்டை எந்த நேர்மையான கணக்கராலும் காண இயலாது.

பஞ்சத்துக்குப் பின் நம் மக்கள் தம் கால்களையே நம்பினர். இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். நம் எல்லைக்கு அருகே கோலாரில் 1880 முதல் தங்கச் சுரங்கங்கள் பெருகியபோது, வடஆற்காடு, சேலம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்று பாதாளத்தில் இறங்கினர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்படும் வரையில் நம் உறவினர் பலருக்கு அதுவே வாழ்வாயிருந்தது. நிலமின்மையே நம் மக்களின் நோய்க்கு வேர் என்பதைச் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கை எடுத்துக்காட்டிற்று; அதன் விளைவாக 1892-இல் பிறந்த ஆணையே இன்று பஞ்சமி நிலம் என்று நாம் உரிமை கோரும் நிலங்களுக்கு அடிப்படை. பஞ்சத்தின்போது உதவி எட்டாத இடமும், பின்னர் நிலம் வேண்டுமென்று குரல் எழுந்த இடமும் ஒன்றே என்பது உய்த்துணரத்தக்கது.

இறுதிக் காலம்

மனைவியின் உடல்நலம் குன்றியதால் 1879-இல் டிக்பி தாயகம் திரும்பினார். சில செய்தித்தாள்களின் ஆசிரியராக இருந்தார். 1882 முதல் 1887 வரை இலண்டனில் தேசிய லிபரல் கழகத்தின் செயலாளராகப் பணியாற்றினார். நாடாளுமன்றத்துக்கு 1885-இலும் 1892-இலும் போட்டியிட்டுத் தோல்வி கண்டார். ஆயினும் இந்தியாவை அவர் மறக்கவில்லை. 1887-இல் இந்திய நிலைமைகளை ஆங்கிலேயர்க்கு எடுத்துரைக்கும் அமைப்பு ஒன்றை நிறுவினார். 1889 முதல் 1892 வரை காங்கிரசின் பிரிட்டிஷ் குழுவுக்குச் செயலாளராக இருந்து, இந்தியா என்னும் அதன் இதழையும் நடத்தினார்.

கொடை கேட்டு வாங்கிப் பகிர்ந்த அவர், மக்கள் கொடைக்கு ஏங்கும் நிலை ஏன் வந்தது என்று பின்னாளில் ஆராயத் தொடங்கினார். 1878-இல் பஞ்சக் காப்புக்கென ஆண்டுதோறும் 1½ கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு அறிவித்துப் புதிய வரியும் விதித்தது. அப்பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டதென்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1901-இல் தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டில் டிக்பியும் இந்தியாவின் செழிப்பு என்னும் பேச்சை எள்ளும் தலைப்புடன் ஒரு பெருநூலை வெளியிட்டார். இந்தியர் ஒருவரின் நாள் வருவாய் 1850-இல் 2 பென்ஸ், 1882-இல் 1½ பென்ஸ், 1900-இல் ¾ பென்ஸ் எனத் தேய்ந்துவிட்டது என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கைப் பின்வந்தோர் மறுத்தும் ஏற்றும் வாதிட்டுள்ளனர். எண்களைக் கொண்டு ஆட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று அவர் காட்டிய வழி மட்டும் மறுக்கப்படவில்லை.

1904-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனில், 55-ஆம் வயதில் வில்லியம் டிக்பி மறைந்தார். பஞ்சத்துக்குப் பின் அமைந்த ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டிப் பஞ்ச விதித் தொகுப்புகள் உருவாயின. பஞ்சக் காப்பு இருப்புப் பாதைகள் வகுக்கப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும், பின்னர் ஓசூர் வரையிலும் ஓடிய சிறு இரயில்கள் அவ்வெண்ணத்தில் பிறந்தவையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை நிறுத்தப்பட்டன.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

டிக்பி காலத்துக்குப் பின் உலகம் இத்துறையில் வெகுவாக முன்னேறியுள்ளது. வெளிநாட்டுப் பேரிடர்களுக்கு ஒன்றுகூடி நிதி திரட்ட 1963-இல் பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. 2017-இல் இலண்டனில் கிரென்பெல் கோபுரம் தீப்பற்றிப் பலர் மாண்டபோது, பல அமைப்புகள் தனித்தனியே நிதி திரட்டியதால் குழப்பம் நேர்ந்தது. அதன் பின்னர் உள்நாட்டுப் பேரிடர்களுக்கென்றே 2019-இல் தேசிய அவசரநிலை அறக்கட்டளை நிறுவப்பட்டது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. பேரிடர் நிவாரணமும் அப்பணிகளுள் ஒன்று. எல்லையோரத் தொழில் நகரமாகிய ஓசூரைச் சூழ்ந்து வாழும் நமக்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்துவது.

ஆனால் பழைய குறை முற்றும் நீங்கிவிடவில்லை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில், படகும் வலையும் இழந்தோர் பட்டியலில் எளிதில் ஏறினர். அவர்களை அண்டிக் கூலி வேலை செய்து பிழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் பல இடங்களில் விடுபட்டனர் என்று ஆய்ந்தோர் எழுதியுள்ளனர். 1877-இல் மாடும் ஏரும் எவ்வாறோ, அவ்வாறே 2004-இல் படகும் வலையும். 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் குடும்ப அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் சாலைகளில் நடந்து சென்றதை நாடே கண்டது. உடைமையையோ அட்டையையோ அளவுகோலாகக் கொள்ளும் உதவி, அவை இல்லாதவனைக் காண்பதில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உண்டு. நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் வீடு, ஆள், முதியோர், கைக்குழந்தை, நோயாளி, வாடகைக்கு இருக்கும் அயலார் ஆகியோரின் பட்டியல் ஒன்று நம் இளைஞர் கையால் எழுதப்பட்டு ஆண்டுதோறும் திருத்தப்படுதல் வேண்டும். இடர் வரும்போது வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், தொழிற்சாலையின் சமூகப் பணிப் பிரிவுக்கும், அறக்கட்டளைகளுக்கும் அதே பட்டியல் செல்லுதல் வேண்டும். நிவாரணக் குழு எங்கு அமைந்தாலும் அதில் நம்மவர் ஒருவர் அமர்தல் வேண்டும். அவர் கணக்கு அறிந்தவராகவும், விடுபட்ட வீடு எவருடையதாயினும் அதற்காகப் பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். நாம் பெறும் நிதிக்கும் நாம் திரட்டும் நிதிக்கும் கணக்கை எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுதல் வேண்டும்.

விஸ்பெச்சு நகரத்து அச்சுக்கூடச் சிறுவன் கற்ற எழுத்தும் எண்ணும் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் வாழ்ந்த மக்களுக்கு உணவாயின. அதே எழுத்தும் எண்ணும் அன்று நம் சேரிகளில் இருந்திருந்தால், அப்பட்டியல்களில் நம் முன்னோர் பெயர்களும் ஏறியிருக்கும். அக்குறையைப் போக்கவே நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. இக்கழகத்தில் பயின்று வேலையில் அமர்ந்துள்ள ஒவ்வொருவரும், தம் குடியிருப்பின் பட்டியலை எழுதும் பொறுப்பை இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே ஏற்க முன்வருமாறு அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.